200 ஃபிராங்க், 23 பேர்

சூரிச்சிலிருந்து மதுரை திரும்ப இரண்டு வாரம் இருந்தபோது அம்மா போனில் பட்டியல் வாசித்தார். பெரியப்பா, பெரியம்மா, இரண்டு சித்தப்பா வீடு, அத்தை, அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர், மாடி வீட்டு டீச்சர், அப்பாவுக்கு ஊசி போட வரும் நர்ஸ் அக்கா என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியாகப் பால்காரர்.

"பால்காரருக்குமாம்மா?"

"மூணு மாசமா உன்னைய விசாரிக்காத நாளில்ல அவரு. வெறுங்கையோடயா வந்து நிப்ப?"

எண்ணிப் பார்த்தேன். 23 பேர்.

அலுவலக வேலையாக மூன்று மாதம் அங்கே இருந்தேன். படிக்காசில் மிச்சம் பிடித்து 200 ஃபிராங்க் இதற்கென்று ஒதுக்க முடிந்தது. அப்போது ஒரு ஃபிராங்க் கிட்டத்தட்ட 100 ரூபாய். நம் ஊரில் 20,000 ரூபாய் பெரிய பணம். சூரிச்சில் ஒரு காபிக்கே ஐந்து ஃபிராங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து சாப்பிடும் கடையில் மதியச் சாப்பாடு 25 ஃபிராங்க் சாதாரணம். ஆளுக்கு ஒன்பது ஃபிராங்க் கூட வரவில்லை. அந்தக் காசுக்குள் ஒவ்வொருவருக்கும் அந்த ஊர்ப் பொருள் ஒன்று, அதுவும் அவர்கள் உண்மையிலேயே பயன்படுத்தப்போகும் பொருள் ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். கண்ணாடி அலமாரியில் வைத்துத் தூசி தட்டும் பொம்மை யாருக்கும் வேண்டாம்.

முதல் சனிக்கிழமை நீடர்டோர்ஃபுக்குப் போனேன். லிம்மாட் ஆற்றின் வலக்கரையில், பழைய நகரத்துக்குள் ஓடும் குறுகலான கல்பாவிய தெரு. வெளியூர்க்காரர்கள் எல்லோரும் போவது அங்கேதான். ஒரு கடையில் ஃபிரிட்ஜில் ஒட்டும் மாட்டுப் பொம்மை மூன்று வாங்கினேன், 24 ஃபிராங்க். அறைக்கு வந்து திருப்பிப் பார்த்தால், பின்னால் வேறொரு நாட்டின் பெயர். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. மூன்று பேரின் பங்கு அப்படியே போனது. அந்தத் தெருவில் வரிசையாகத் தொங்கும் குக்கூ கடிகாரங்களும் சுவிட்சர்லாந்தின் சொத்து அல்ல. அவற்றின் பூர்வீகம் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதி. சுவிஸ் என்று சொல்லி ஒரு பொருளை விற்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2017 முதல் அது இன்னும் இறுக்கம்: தொழிற்சாலைப் பொருளென்றால் தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அந்த நாட்டில் ஆகியிருக்க வேண்டும். டோப்ளரோன் சாக்லேட்டின் ஒரு பகுதித் தயாரிப்பு ஸ்லோவாக்கியாவுக்குப் போனபோது, 2023-ல் அதன் அட்டையிலிருந்து மேட்டர்ஹார்ன் மலையின் படத்தை எடுக்க வேண்டி வந்தது இந்தச் சட்டத்தால்தான். அந்தப் பொம்மைகளில் சிலுவைக்கொடியும் மாடும் இருந்தன, 'சுவிஸில் செய்தது' என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. நான் அதைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

பான்ஹோஃப்ஸ்ட்ராஸே பக்கமும் ஒரு நடை போய் வந்தேன். ஒரு காலத்தில் அங்கே 'தவளை அகழி' என்று ஒரு அகழி இருந்தது. 1864-ல் அதைத் தூர்த்துத்தான் இந்தத் தெருவைப் போட்டார்கள். இன்று ரயில் நிலையத்திலிருந்து ஏரி வரைக்கும் கடிகாரமும் நகையும். நம் கணக்குக்கு அங்கே வேலை இல்லை. பாராடேபிளாட்ஸில் ஸ்ப்ரூங்லி கடையில் லக்ஸம்புர்கெர்லி என்று விரல்நுனி அளவில் ஒரு இனிப்பு விற்கிறார்கள். ஒன்றிரண்டு வாங்கி ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அருமையாக இருக்கும். ஊருக்கு வாங்க வேண்டாம். குளிர்ச்சியில் வைத்துச் சில நாட்களுக்குள் சாப்பிட வேண்டிய பண்டம் அது.

எனக்கு வழி காட்டியது ஒரு மளிகைக்கடை அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளின் கடைசியில் வந்தவர். 1983-க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் இலங்கைத் தமிழர்கள் சுவிட்சர்லாந்தில் தஞ்சம் புகுந்தார்கள். பலருக்கு முதலில் கிடைத்தது உணவகச் சமையலறை வேலை. அக்காவின் கணவரும் கோப்பை கழுவித்தான் தொடங்கினாராம். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்க வாராவாரம் அங்கே போவேன். அன்றைக்கு முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"தம்பி, ஊருக்குப் போறீங்களோ? என்ன வாங்கினனீங்கள்?"

காந்தப் பொம்மைக் கதையைச் சொன்னேன்.

"உந்தக் கடையளுக்கு ஏன் போனனீங்கள்? அது சுத்திப் பாக்க வாறவைக்கு. இஞ்சத்தைச் சனம் தங்கட வீட்டுக்கு எங்க வாங்குதோ, அங்க போங்கோ. மிக்ரோவுக்குப் போங்கோ, புரொக்கிக்குப் போங்கோ. நாங்கள் யாழ்ப்பாணம் போகேக்க கண்டோஸ் எல்லாம் மிக்ரோவிலதான் வாங்கிறது."

கண்டோஸ் என்றால் சாக்லேட். இலங்கையில் ஒரு பழைய கம்பெனியின் பெயர் அந்தப் பண்டத்துக்கே பெயராக நின்றுவிட்டது.

அக்கா சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சின்ன வயது நினைவு வந்தது. சிங்கப்பூரிலிருந்து தெருவுக்கு யார் வந்தாலும் கோடாலித் தைலம் வரும். அங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் தைலம் அது. எங்கள் பாட்டி ஒரு புட்டியை இரண்டு வருஷம் வைத்துத் தேய்ப்பார், காலியான புட்டியையும் எறிய மாட்டார். சிங்கப்பூர் என்றால் எனக்கு இன்றுவரை அந்த வாசனைதான். சூரிச்சில் அந்தத் தைலத்தின் இடத்தில் என்ன இருக்கிறது? இதைத்தான் மீதி நாளெல்லாம் தேடினேன்.

மிக்ரோ என்பது மிக்ரோஸ். எழுத்தில் 'ஸ்' உண்டு, வாயில் வராது. 1925-ல் காட்லீப் டுட்வைலர் என்பவர் சூரிச்சில் ஐந்து ஃபோர்டு வண்டிகளில் சாமான் ஏற்றித் தெருத்தெருவாக விற்கத் தொடங்கினார். காபி, அரிசி, சர்க்கரை, நூடுல்ஸ், தேங்காய்க் கொழுப்பு, சோப்பு, இந்த ஆறு மட்டும்தான். இடைத்தரகு இல்லாததால் மற்ற கடைகளைவிட நன்றாகவே விலை குறைவு. 1941-ல் அதைக் கூட்டுறவாக மாற்றி வாடிக்கையாளர்களிடமே கொடுத்தார். இன்றும் அங்கே மது விற்பதில்லை. விற்கலாமா என்று 2022-ல் உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தபோதும் வேண்டாம் என்றே சொன்னார்கள். விலைவாசி உச்சத்தில் இருக்கும் ஊரில், உழைக்கிற சனத்துக்காகத் தொடங்கிய கடை. அதன் அலமாரிகளுக்கு நடுவில் நிற்கும்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது.

முதலில் சாக்லேட். மிக்ரோஸில் விற்கும் ஃப்ரே சாக்லேட் 1887-ல் ஆராவில் தொடங்கியது. 1950 முதல் மிக்ரோஸ் வசம். 100 கிராம் கட்டி இரண்டு ஃபிராங்க் சொச்சம்தான். இதைவிட மலிவாகப் பச்சை அட்டையில் எம்-பட்ஜெட் என்ற வரிசையும் இருக்கிறது. அதே எடையை விமான நிலையத்தில் அழகான டப்பாவில் வாங்கினால் சில மடங்கு போகும். ஆனால் சாக்லேட் வாங்கும்போது நம் வெயிலை மறக்கக் கூடாது. கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். மதுரையில் சித்திரை மாதம் நிழலிலேயே அதைவிட அதிகம். உருகி மறுபடி இறுகினால் மேலே சாம்பல் பூத்தமாதிரி ஆகும். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் பெட்டியைத் திறக்கிறவர் முகம் வாடிப்போகும். நான் பெட்டியின் நடுவில், கம்பளி ஸ்வெட்டருக்குள் சுற்றி வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபிரிட்ஜுக்குப் போனது. உள்ளே சாராயம் ஊற்றிய சாக்லேட்டும் அங்கே நிறைய உண்டு, கிர்ஷ் என்று எழுதியிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வாங்குபவர்கள் அட்டையைப் படித்துவிட்டு எடுங்கள். சைவ வீட்டுக்குச் சீஸ் வாங்குபவர்களும் கேட்டு வாங்குங்கள். க்ரூயேர் போன்ற பழைய வகைகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள்.

சாக்லேட் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். எனக்குத் தைலப் புட்டி மாதிரி நிற்கும் பொருள் வேண்டும். அது சமையலறைச் சாமான் அடுக்கில் இருந்தது.

ரெக்ஸ் என்று பெயர். காய் தோல் சீவும் கருவி. 1947-ல் ஆல்ஃபிரெட் நெவெட்செர்சல் என்பவர் உருவாக்கியது. ஒரே ஒரு அலுமினியப் பட்டையைக் கவட்டை மாதிரி வளைத்து, நடுவில் ஆடும் எஃகு அலகைப் பொருத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சின்ன வளைவு, உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்ட. வேறு எதுவும் கிடையாது. அலகு தானாகச் சாய்ந்து கொடுப்பதால் காயின் வளைவு எப்படிப் போனாலும் கூடவே போகும். 2004-ல் சுவிஸ் அஞ்சல் துறை இதற்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. நாட்டையே அடையாளம் காட்டும் வடிவமைப்புகளின் வரிசையில், ஒரு தோல் சீவிக்குத் தபால்தலை! நான் போன எல்லாச் சக ஊழியர் வீட்டிலும் இது இழுப்பறையில் கிடந்தது. விலை ஐந்து ஃபிராங்குக்குள். எட்டு வாங்கினேன்.

அம்மாவுக்கு அரிவாள்மனைதான் கைப்பழக்கம். இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கம் இருந்தது. வந்த மறுநாள் பீர்க்கங்காயில் முயன்று பார்த்தார். நரம்பை மட்டும் மெல்லிசாக, நாடா மாதிரி எடுத்தது. அந்தத் தோலில் துவையல் அரைத்தார். "நாரே தட்டுப்படல பாரு" என்று ஒரு கவளம் எனக்கு ஊட்டிவிட்டார். மாங்காய், சுரைக்காய், கேரட் எல்லாம் இப்போது அதில்தான். கழுவித் துடைத்து ஈரமில்லாமல் வைக்கிறார். பெரியம்மா ஒருநாள் போனில் கூப்பிட்டு, மருமகளுக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

அதே அடுக்கில் கத்தி. விக்டோரினாக்ஸ் என்றதும் எல்லோருக்கும் சிவப்பு மடக்குக் கத்திதான் நினைவு வரும். கார்ல் எல்ஸனர் 1884-ல் ஷ்வீட்ஸ் மாநிலத்தில் இபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறை அது. மடக்குக் கத்தியில் சின்னதே 20 ஃபிராங்க் வாக்கில் ஆகும், நம் கணக்கு தாங்காது. ஆனால் அதே கம்பெனி தக்காளி நறுக்க ஒரு சிறு கத்தி செய்கிறது. அலை அலையான பல், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் பிடி. ஆறேழு ஃபிராங்க். சுவிஸ் வீடுகளில் ரொட்டி வெட்டுவதிலிருந்து பழம் அறுப்பது வரை அன்றாடம் புழங்குவது இதுதான். நன்கு பழுத்த தக்காளியை நசுக்காமல் தாள் மாதிரி அறுக்கும். ஆறு எடுத்தேன். கத்தியையும் தோல் சீவியையும் கைப்பையில் வைக்கக் கூடாது, கட்டாயம் சரக்கில் போகும் பெட்டியில்தான். கொடுக்கும்போது கத்தியைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தேன், சித்தி எடுத்துக்கொண்டார். அந்த ஊர்க்காரர்களுக்கும் இதில் ஒரு சாஸ்திரம் உண்டு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கத்தி கொடுத்தால் உறவு அறுந்துவிடுமாம், அதனால் வாங்குகிறவர் பதிலுக்கு ஒரு காசு கொடுத்துவிட வேண்டும்.

பெரியப்பாவுக்கு என்ன வாங்குவது என்று யோசித்தபோது ஓவோமால்டின் டப்பா கண்ணில் பட்டது. ஆரஞ்சு நிறம். பெயரைத் திரும்பப் படித்தேன். நம் ஊரில் ஓவல்டின் என்று குடித்ததன் மூலம் இதுதான். 1904-ல் பெர்ன் நகரத்தில் வாண்டர் கம்பெனி செய்தது; இங்கிலாந்துக்குப் போனபோது பெயரைப் பதிவதில் எழுத்து விட்டுப்போய் ஓவல்டின் ஆனது என்று சொல்வார்கள். சின்ன வயதில் டைபாய்டு வந்து படுத்திருந்தபோது தன் அப்பா வாங்கிவந்து கொடுத்ததைப் பெரியப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். டப்பாவைக் கையில் கொடுத்து, இது பிறந்த ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். மூடியைத் திறந்து முகர்ந்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

நர்ஸ் அக்காவுக்கும் டீச்சருக்கும் ரிக்கோலா. 1930-ல் லாஃபன் என்ற சிற்றூரில் தொடங்கிய மிட்டாய்க் கம்பெனி, 13 மூலிகை சேர்த்துச் செய்வது. நாள் முழுக்கப் பேசுகிற தொண்டைக்கு நல்லது, வெயிலிலும் உருகாது.

அண்ணன் பிள்ளைகளுக்கு ஜெனீவாவின் காரன் தாஷ் வண்ணப் பென்சில். ரஷ்ய மொழியில் பென்சிலுக்குக் 'கரந்தாஷ்' என்று பெயர், அது துருக்கி மொழிகளில் கறுப்புக் கல் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். பெட்டியாக வாங்கினால் விலை எட்டாது. எழுதுபொருள் கடையில் வரிசை வரிசையாகத் தனித்தனியாக நிற்கும், வேண்டியதை மட்டும் எடுக்கலாம். கடையிலிருந்தே வீடியோவில் கூப்பிட்டு, ஆளுக்கு மூன்று நிறம் சொல்லுங்கள் என்றேன். ஒவ்வொரு நிறமாகக் கேமரா முன் காட்டினேன். சின்னவள் மூன்றுமே நீலம் கேட்டாள், வெவ்வேறு நீலம். தண்ணீர் தொட்டுத் தீட்டினால் அது வாட்டர்கலர் மாதிரி கரையும். 1931-லிருந்து அந்த வகையைச் செய்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அநேகமாக எல்லாக் கடையும் பூட்டிக் கிடக்கும். ரயில் நிலையத்துக்குள்ளும் விமான நிலையத்திலும் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். அதனால் இரண்டாவது சனிக்கிழமையை முழுதாகப் புரொக்கிக்கு ஒதுக்கினேன்.

புரொக்கி என்பது புரோக்கன்ஹவுஸ். வேண்டாத சாமானைச் சனங்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள், அதைச் சுத்தம்செய்து குறைந்த விலைக்கு விற்பார்கள், வருமானம் பெரும்பாலும் தருமத்துக்குப் போகும். புரோக்கன் என்றால் துணிக்கை, மீந்த துண்டு. ஐந்து அப்பத்தைப் பலருக்குப் பங்கிட்ட பிறகு, எதுவும் வீணாகாதபடி மீந்த துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள் என்று இயேசு சொன்னதாக யோவானில் வருகிறதே, அங்கிருந்து வந்த பெயர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நொய்காஸேயில் இருக்கும் சூரிச் புரோக்கன்ஹவுஸ் நூறாண்டைத் தாண்டியது. மாடி மாடியாகச் சாமான். லாங்கன்தால் பீங்கான் கோப்பை, தகரப் பிஸ்கட் டப்பா, பனிச்சறுக்குக் கட்டை, பாட்டுத்தட்டு.

துணிப் பிரிவில் ஒரு கூடை நிறையக் கைக்குட்டைகள். வெள்ளை, ஓரத்தில் பூவேலை, மூலையில் ஒரு எழுத்து. அந்தக் காலத்தில் கல்யாணமாகிப் போகும் பெண்கள் தங்கள் துணிமணியில் எல்லாம் பெயரின் முதல் எழுத்தைப் பின்னி எடுத்துப் போவார்கள். அந்தப் பெண்கள் போன பிறகு பேரப்பிள்ளைகள் கூடை கூடையாக இங்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஒன்று, இரண்டு ஃபிராங்க். முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். 'எம்' என்று பின்னியது ஒன்று கிடைத்தது. அத்தையின் பெயரும் எம்மில்தான் தொடங்கும்.

பழையதைக் கொடுக்கலாமா என்று மனசுக்குள் ஒரு கேள்வி. நம் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. மறைக்கக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன். அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தேன். விரித்து, அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். அத்தை தையல் தெரிந்தவர்; பின்பக்கம் திருப்பி, ஒரு முடிச்சுகூட வெளியே தெரியவில்லை என்றார்.

"அந்தம்மா பேரு என்னவாம்?"

"தெரியல அத்தை. எம் மட்டும்தான்."

"மரியான்னு வச்சுக்குவோம்" என்றார். இப்போது அது அவருடைய பைபிள் பைக்குள் இருக்கிறது.

அதே புரொக்கியில் வாசல் பக்கம் பழைய தபால் அட்டைகள் ஒரு பெட்டியில் இருந்தன. ஒன்று ஒரு ஃபிராங்க். மலைச்சரிவில் ஒரு பழுப்பு மாடு, கழுத்தில் மணி, பின்னால் பனி. பிரவுன் சுவிஸ் என்கிற இனம். 1963-ல் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தில், மூணாறுக்குப் பக்கத்து மாட்டுப்பட்டியில் இந்த இனத்தை நம் நாட்டு மாடுகளோடு கலந்துதான் கேரளத்தின் சுனந்தினி மாட்டை உருவாக்கினார்கள். பால்காரருக்கு ஏற்கெனவே ஒரு பால் சாக்லேட் எடுத்து வைத்திருந்தேன். இன்று நாம் சாப்பிடும் பால் சாக்லேட்டுக்கு வழி போட்டவரும் ஒரு சுவிஸ்காரர்தான், 1875-ல் வெவே நகரத்து டானியேல் பீட்டர். கூடவே இந்த அட்டையையும் வாங்கினேன். எல்லாம் முடிந்து கையில் 11 ஃபிராங்க் மிச்சமிருந்தது. அக்கா கடைக்குப் போய் நன்றி சொல்லி, அங்கேயே ஒரு வடையும் தேநீரும் சாப்பிட்டேன். வடைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஊருக்கு வந்த மறுநாள் காலை, ஐந்தரை மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து போனேன். பால்காரர் சாக்லேட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார், பேத்திக்கு என்றார். அட்டையை வாசல் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். மடியைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"எத்தனை லிட்டர் கறக்கும் தம்பி?"

"நாளைக்கு இருபதுக்கு மேல."

"என்ன தீனி? பருத்திக்கொட்டையா, தவுடா?"

"பெரும்பாலும் புல்லுதான். கோடைல மலைக்கு ஓட்டிட்டுப் போயிருவாங்க."

"வெறும் புல்லுக்கா இருபது?" என்று மறுபடி ஒருமுறை அட்டையைப் பார்த்துவிட்டு, ஈரக்கையைக் கைலியில் துடைத்து, அதைப் பால் கணக்கு நோட்டுக்குள் வைத்து மூடினார்.